திருகோணமலையிலிருந்து போதனா வைத்தியசாலைக்கு: சத்திரசிகிச்சைக்குப் போகிறவருக்கும் கூடப் போகிறவருக்கும் ஒரு முழு வழிகாட்டி

திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையிலேயே பல சத்திரசிகிச்சைகள் நடக்கின்றன. ஆனாலும் சில வருத்தங்களுக்கு "மட்டக்களப்புக்கு எழுதித் தாறன்", "கண்டிக்குப் போய்க் காட்டுங்கோ" என்று ஒரு கடிதம் கைக்கு வரும். மட்டக்களப்பு, அநுராதபுரம், யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைகள், கண்டி, கொழும்பு தேசிய வைத்தியசாலைகள் என்று எங்கேயாவது போக வேண்டிவரும். கடிதம் கிடைத்த நாளிலிருந்து காயம் ஆறிக் கடைசி ரிப்போட் வாங்கும் நாள் வரைக்கும் என்னென்ன செய்யவேண்டும் என்பதைத்தான் இங்கே வரிசையாக எழுதியிருக்கிறேன்.

போதனா வைத்தியசாலையில் ஒரு நோயாளியை நிறையப் பேர் பார்ப்பார்கள். மாணவர், பயிற்சி டொக்டர், ரெஜிஸ்ட்ரார், நிபுணர், மயக்க மருந்து டொக்டர், தாதியர் என்று எல்லாரும் வந்து அதே கேள்விகளைக் கேட்பார்கள். மூன்றாவது ஆளுக்கே நமக்குச் சலிப்பு வந்துவிடும், "எல்லாம் அவருக்குச் சொல்லிப்போட்டன்" என்று முடித்துவிடுவோம். அப்படிச் செய்யாதீர்கள். அத்தனை பேரும் கேட்பது உங்களுக்குத்தான் காவல். ஒருவர் தவறவிட்டதை இன்னொருவர் பிடிப்பார். ஆனால் உங்கள் வருத்தத்தின் முழுக் கதையும் உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. அதைத் தயாராக வைத்திருந்து, கேட்கிற ஒவ்வொருவருக்கும் முழுதாகச் சொன்னால்தான் அந்தக் காவல் வேலை செய்யும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நாள் குறித்துச் செய்யும் சத்திரசிகிச்சைக்கான வழிகாட்டி. திடீரென்று தாங்க முடியாத வயிற்றுவலி, நெஞ்சுவலி, விபத்து, இரத்தப்போக்கு என்றால் தூர ஊருக்கு வான் பிடிக்கக்கூடாது. 1990 இலக்கத்துக்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். இல்லாவிட்டால் கிண்ணியா, மூதூர், கந்தளாய், திருகோணமலை என்று எது கிட்டவோ அங்கே போங்கள். நோயாளியை நிலைப்படுத்தி, தேவையென்றால் அவர்களே பெரிய இடத்துக்கு அனுப்புவார்கள்.

படி 1: கோப்பு ஒன்று தயார் செய்யுங்கள்

கடையில் ஒரு பிளாஸ்டிக் பைல் வாங்குங்கள். அனுப்பும் கடிதம், கிளினிக் கொப்பி, முன்பு வாட்டில் இருந்து வந்தபோது தந்த டயக்னோசிஸ் கார்ட்கள், இரத்தப் பரிசோதனை ரிப்போட்கள், அடையாள அட்டை எல்லாவற்றையும் அதில் வையுங்கள். எக்ஸ்ரே, ஸ்கான் என்றால் ரிப்போட் மட்டும் போதாது. படத்தையும், சீடி தந்திருந்தால் அதையும் கொண்டுபோக வேண்டும், ஏனென்றால் சத்திரசிகிச்சை நிபுணர் படத்தைத் தன் கண்ணால் பார்க்க விரும்புவார். எல்லாத் தாள்களையும் போனில் படம் எடுத்து, வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள்.

கடிதம் ஆங்கிலத்தில்தான் இருக்கும். அதை எழுதித் தரும் டொக்டரிடமே, "என்ன வருத்தம் என்று எழுதியிருக்கிறீங்கள், எதுக்காக அனுப்புறீங்கள்?" என்று கேட்டு, பதிலைத் தமிழில் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அடையாள அட்டையில் உள்ள பெயரும் கிளினிக் கொப்பியில் உள்ள பெயரும் ஒன்றா என்றும் பாருங்கள். நம்முடைய பெயர்களை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு மாதிரி எழுதுவார்கள். முதலெழுத்து மாறும், முஹம்மது, பாத்திமா என்று தொடங்கும் பெயர்கள் ஒரே வாட்டில் பல இருக்கும். பெயர் குழம்பினால் ரிப்போட் குழம்பும்.

மருந்துகளின் பெயரைச் சொல்வதைவிட, மருந்து அட்டைகளையே ஒரு பையில் போட்டுக் கொண்டுபோவது நல்லது. பிரஷர், சீனி வருத்தக் குளிசைகள் மட்டுமல்ல, பார்மசியில் வாங்கிப் போடும் நோக்குளிசை, சித்த, யூனானி, ஆயுர்வேத மருந்துகள் எல்லாம்தான். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகவே கற்பிக்கப்படுகிறது. ஆகவே அதை எடுக்கிறோம் என்று சொல்ல வெட்கப்பட ஒன்றுமில்லை. சில மூலிகைகள் இரத்தம் உறைவதைத் தாமதிக்கும். பெயர் ஒட்டாமல் கைமாறும் சில பொடிகளில் ஸ்டீரொயிட் கலந்திருப்பதும் உண்டு. பல நாள் ஸ்டீரொயிட் எடுத்த உடம்பு, சத்திரசிகிச்சை நேரத்தில் திடீரென்று பிரஷர் விழுந்து தவிக்கலாம். தெரிந்தால் டொக்டர்கள் அதற்கு ஆயத்தமாக இருப்பார்கள்.

கடைசியாக, ஒரு பக்கத்தில் உங்கள் கதையை எழுதுங்கள். என்ன வருத்தங்கள், எந்த ஆண்டில் என்ன ஒப்பரேஷன், எந்த மருந்துக்கு உடம்பு தடித்தது அல்லது மூச்சு முட்டியது, புகை, குடி, வெற்றிலை எவ்வளவு, குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்தால் பிரச்சினை வந்ததா என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். சில மயக்க மருந்துப் பிரச்சினைகள் பரம்பரையாக வருபவை. அம்மாவின் சகோதரர் தியேட்டரில் பட்ட பாடு உங்களுக்கும் பொருந்தக்கூடும்.

படி 2: கிளினிக் நாள்

ஒவ்வொரு நிபுணருக்கும் கிளினிக் நாள் வேறு. போவதற்கு முன் வைத்தியசாலைக்குத் தொலைபேசி எடுத்து நாளை உறுதிசெய்யுங்கள். கிண்ணியா, மூதூர், வெருகல், வாகரை வழியாக மட்டக்களப்புக்கு ஏறக்குறைய 130 கிலோமீற்றர். ஹொரவப்பொத்தானை வழியாக அநுராதபுரம் 105 அளவில், கண்டி 180 அளவில். இலக்கம் காலையிலேயே கொடுத்து முடித்துவிடுவார்கள் என்பதால், தெரிந்தவர் வீட்டில் முதல்நாள் தங்க முடிந்தால் நல்லது. கண்டிக்கு இரவோடிரவாக வெளிக்கிடுகிறவர்கள் கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் யானை நிற்கும் என்பதை மறக்கக்கூடாது.

நிபுணர் உங்களுக்குத் தரும் நேரம் குறைவு. அதற்குள் நான்கு கேள்விக்குப் பதில் வாங்கிவிட வேண்டும். செய்யாமல் விட்டால் என்ன நடக்கும்? வேறு வழி இருக்கிறதா? எவ்வளவு காலம் பொறுக்கலாம்? என் வயதுக்கும் என் மற்ற வருத்தங்களுக்கும் என்ன ஆபத்து?

இது டொக்டரைச் சோதிக்கிற கேள்வி என்று சிலர் தயங்குவார்கள். அப்படி இல்லை. மருத்துவ ஆய்வாளர்களே இதே கேள்விகளைக் கேட்டுத்தான் விடை கண்டிருக்கிறார்கள். அதிகம் தொல்லை தராத அரைப்பகுதிக் குடலிறக்கத்தை உடனே வெட்டவேண்டுமா, பார்த்துக்கொண்டு இருக்கலாமா என்று வட அமெரிக்காவில் 720 ஆண்களிடம் நடத்திய ஆய்வு 2006இல் வெளிவந்தது. காத்திருந்தவர்களில் குடல் இறுகி அவசர நிலை வந்தவர்கள் மிகச் சிலரே. ஆனால் பின்னர் தொடர்ந்து பார்த்தபோது, பத்து ஆண்டுக்குள் மூன்றில் இரண்டு பங்கினர் நோவு கூடி எப்படியும் ஒப்பரேஷனுக்கு வந்துவிட்டார்கள். அதாவது அவசரமில்லை, ஆனால் தப்புவதும் கஷ்டம். வலைக்குப் போகிற ஒருவர் மீன்பிடி குறைவான மாதத்தைப் பார்த்து நாள் கேட்க இந்தத் தகவல் போதும். அப்பெண்டிக்ஸும் அப்படித்தான். சிக்கலில்லாத அப்பெண்டிக்ஸுக்கு அன்டிபயோட்டிக் மட்டும் கொடுத்துப் பார்த்த பின்லாந்து ஆய்வில், ஐந்து ஆண்டுக்குள் நூற்றில் 39 பேருக்குப் பின்னர் ஒப்பரேஷன் தேவைப்பட்டது, மற்றவர்களுக்குத் தேவைப்படவில்லை. எல்லாருக்கும் இது பொருந்தாது. உங்களுக்குப் பொருந்துமா என்பதைச் சொல்லத்தான் நிபுணர் இருக்கிறார். கேட்டால்தானே சொல்லுவார்.

மொழி பற்றியும் சொல்ல வேண்டும். மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் தமிழிலேயே பேசலாம். கண்டியிலும் அநுராதபுரத்திலும் எப்போதும் அது நடக்காது. தமிழ் இந்த நாட்டின் அரச கரும மொழி, தமிழில் விளக்கம் கேட்பது சலுகை கேட்பது ஆகாது. 1847இல் இங்கே வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன், மானிப்பாயில் நம் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, மருத்துவ நூல்களைத் தமிழாக்கியும் தந்தார். அவ்வளவு காலத்துக்கு முன்பே சத்திரசிகிச்சையைத் தமிழில் சொல்ல முடிந்திருக்கிறது. வாட்டில் தமிழ் தெரிந்த மாணவரோ தாதியோ அநேகமாக ஒருவர் இருப்பார். "தமிழ் தெரிஞ்ச ஒராளைக் கூப்பிட முடியுமா, மிஸி?" என்று பணிவாகக் கேளுங்கள். சிங்களம் தெரிந்த உறவினரைக் கூட்டிப்போவதும் உதவும். ஆனால் சிறு பிள்ளையை மொழிபெயர்க்க விடாதீர்கள். அம்மாவின் புற்றுநோய்ச் செய்தியைப் பத்து வயதுப் பிள்ளை வாயால் சொல்ல வைப்பது கொடுமை.

திகதி தந்த பிறகு, அதை எழுதிய புத்தகத்தில் உங்கள் சரியான போன் இலக்கம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அவசர நோயாளர் வந்தால், அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் கட்டில் இல்லாவிட்டால், திகதி தள்ளிப்போகும். புறப்படும் முன் ஒரு அழைப்பு எடுத்தால் வீண் அலைச்சல் மிச்சம்.

அரச வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக்குக் கட்டணமில்லை. ஆனாலும் சில பரிசோதனைகளை வெளியே செய்யச் சொல்லலாம், சில உபகரணங்களை வாங்கச் சொல்லலாம். அப்படி ஏதாவது வருமா என்று முன்கூட்டியே கேளுங்கள். பெரிய செலவென்றால் ஜனாதிபதி நிதியம் பற்றிப் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். அரச ஊழியர் குடும்பம் என்றால் அக்ரஹார காப்புறுதி இருக்கிறது.

படி 3: காத்திருக்கும் வாரங்கள்

இந்த வாரங்களைச் சும்மா விடக்கூடாது. புகைப்பவர் நான்கு வாரமாவது முன்பே நிறுத்தினால் நெஞ்சில் சளி கட்டுவதும் காயம் பழுதாவதும் குறையும். சீனி கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் காயம் ஆறாது, பலருக்கு இதனாலேயே திகதி தள்ளிப்போகிறது. இரத்தம் குறைவென்றால் இரும்புச்சத்துக் குளிசையை ஒழுங்காக எடுங்கள். ஆடுகிற பல் இருந்தால் பல் டொக்டரிடம் காட்டுங்கள்.

வெற்றிலை, பாக்கு, புகையிலை போடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். நீண்ட காலப் பழக்கத்தால் கன்னத்துச் சதை இறுகி, வாய் முழுதாகத் திறக்காமல் போகும். மயக்க மருந்து டொக்டர் வாய் வழியாகத்தான் மூச்சுக் குழாய் விடுவார். வாய் திறக்காது என்பது மயக்கம் கொடுத்த பிறகு தெரியவந்தால் அது உயிராபத்து. முதலே தெரிந்தால் வேறு வழி வைத்திருக்கிறார்கள். ஆகவே கண்ணாடி முன் நின்று, உங்கள் மூன்று விரலை நிமிர்த்தி ஒன்றின் மேல் ஒன்றாக வாய்க்குள் விட முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் அதை மறக்காமல் சொல்லுங்கள். குறட்டை விட்டுத் தூங்கும்போது மூச்சு நின்று நின்று வருகிறது என்று வீட்டார் சொன்னால் அதையும்.

மருந்துகளில் எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்பதை டொக்டர்தான் சொல்ல வேண்டும். வார்ஃபரின், குளோப்பிடோகிரெல் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளைப் பொதுவாகச் சில நாட்களுக்கு முன் நிறுத்தச் சொல்வார்கள். சில சீனிக் குளிசைகளையும் மூன்று நாலு நாள் முன்பே நிறுத்தவேண்டும். ஆனால் இதய இரத்தக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் என்ற சின்னக் குழாய் வைத்தவர் தானாகக் குளோப்பிடோகிரெலை நிறுத்தினால் மாரடைப்பே வரலாம். "அங்க ஒராளுக்கு நிறுத்தச் சொன்னவை" என்ற கதையைக் கேட்டு எதையும் செய்யாதீர்கள். நோன்பு மாதத்தில் திகதி விழுந்தால் குளிசை நேரங்களும் மாறும், அதையும் கேட்டு எழுதி வாங்குங்கள்.

இரத்தம் தேவைப்படுமே என்று ஊரில் ஆள் தேடி வானில் ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2014இலிருந்து நம் நாட்டு இரத்த வங்கி முழுக்கத் தன்னார்வக் கொடையாளரை வைத்தே இயங்குகிறது. உறவினர் இரத்தம் கொடுத்தால்தான் ஒப்பரேஷன் என்ற நிலை இல்லை. கொடுக்க ஆசையுள்ளவர்கள் ஊரில் நடக்கும் இரத்ததான முகாமுக்கே போகலாம்.

படி 4: வாட்டில் சேர்தல்

சாரம் அல்லது முன்பக்கம் திறக்கும் சட்டை, துவாய், செருப்பு, சவர்க்காரம், குவளை, சிறிய தலையணை, போன் சார்ஜர் போதும். நகையை வீட்டில் விடுங்கள்.

யார் யார் என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். காலையில் கூட்டமாக வரும் வாட் ரவுண்டில் நடுவில் நிற்பவர் நிபுணர். அவருக்கு அடுத்தவர் ரெஜிஸ்ட்ரார், நிபுணராகப் படித்துக்கொண்டிருப்பவர், ஏற்கனவே முழு டொக்டர். இரவிலும் பகலிலும் ஓடிக்கொண்டிருக்கும் இளம் டொக்டர், பட்டம் பெற்று ஓராண்டு உள்ளகப் பயிற்சியில் இருப்பவர். உங்களுக்கு எது தேவையென்றாலும் முதலில் அவரிடமோ வாட் தாதியிடமோ போங்கள். வெள்ளைக் கோட்டும் கையில் குறிப்புப் புத்தகமுமாக வருகிறவர்கள் மாணவர்கள்.

பார்வையாளர் நேரத்தில் பத்துப் பேர் வந்து கட்டிலில் உட்காராமல் இருந்தால் நல்லது. அன்பில்தான் வருகிறார்கள், ஆனால் கைகளில் கிருமியும் வருகிறது. இரண்டு பேர் வந்து, கை கழுவிவிட்டு, கதிரையில் இருந்து கதைத்தால் போதும்.

படி 5: மாணவர்கள் வரும்போது

இது பலருக்குக் கூச்சமான இடம், நியாயம்தான். ஆனால் என் அனுபவத்தில், வாட்டில் உங்களோடு அரைமணி நேரம் உட்கார்ந்து கேட்க நேரம் உள்ளவர் மாணவர் மட்டும்தான். எங்கள் ஊர் அக்கா ஒருவருக்குப் பென்சிலின் ஊசியால் சின்ன வயதில் உடம்பெல்லாம் தடித்த கதை, மூன்று பேர் கேட்டும் ஞாபகம் வரவில்லை. ஒரு மாணவி ஊர், பிள்ளைகள் என்று ஆறுதலாகக் கதைத்துக்கொண்டிருந்தபோதுதான் வெளியே வந்தது. அந்தப் பிள்ளை ஓடிப்போய்ச் சொல்ல, கோப்பின் மேல் சிவப்பில் எழுதினார்கள்.

அதே நேரம், உங்கள் உடம்பு உங்களுடையது. மாணவர் தொட்டுப் பார்க்க முன் அனுமதி கேட்க வேண்டும். நோகுது, களைப்பாக இருக்கு, பிறகு வாங்கோ என்று சொல்லலாம். பெண்கள் பெண் மாணவர் மட்டும் பார்க்கட்டும் என்று கேட்கலாம், திரை போடச் சொல்லலாம். மறுத்ததற்காகச் சிகிச்சையில் எந்தக் குறையும் வரக்கூடாது. காயத்தையோ உடம்பையோ போனில் படம் எடுக்க யாராவது வந்தால், எதற்கு, யார் பார்ப்பார்கள் என்று கேட்டு, எழுத்தில் சம்மதம் கொடுத்த பிறகே விடுங்கள்.

படி 6: கையெழுத்து

சம்மதப் பத்திரத்தை நீட்டி "இதில ஒரு சைன் வையுங்கோ" என்றால், பேனாவை வாங்க முன் மூன்று விஷயத்தை உங்கள் வாயால் திருப்பிச் சொல்லிப் பாருங்கள்: என்ன வெட்டப் போகிறார்கள், எந்தப் பக்கம், என்ன ஆபத்து வரலாம். சொல்ல முடியாவிட்டால் இன்னும் விளங்கவில்லை என்று அர்த்தம், இன்னொரு தரம் கேளுங்கள். சுயநினைவுள்ள பெரியவர் என்றால் கையெழுத்து அவருடையதுதான். மகனோ மருமகனோ கூட நின்று கேட்கலாம், அவருக்காகத் தீர்மானிக்க முடியாது. கையெழுத்து வைத்த பிறகும் மனம் மாறலாம்.

படி 7: முதல்நாள் இரவும் காலையும்

வெறும் வயிறு என்றால் என்ன என்பதில்தான் அதிகப் பிழை நடக்கிறது. பொதுவான விதி: திண்ம உணவு ஆறு மணித்தியாலத்துக்கு முன், தெளிந்த நீர் இரண்டு மணித்தியாலத்துக்கு முன், தாய்ப்பால் நான்கு மணித்தியாலத்துக்கு முன் நிறுத்தவேண்டும். பால் தேநீர் சாப்பாட்டுக் கணக்கில்தான் சேரும், தண்ணீர்க் கணக்கில் சேராது. கஞ்சியும் அப்படியே. உங்கள் வாட்டில் இரவு பன்னிரண்டுக்குப் பிறகு ஒன்றும் வேண்டாம் என்றால் அதன்படி நடவுங்கள். இது மயக்கத்தில் வயிற்றிலுள்ளது மேலே வந்து நுரையீரலுக்குள் போய்விடாமல் இருக்கத்தான். "பாவம், பசியோட கிடக்கிறார்" என்று ஒரு பிஸ்கட்டைக் கொடுத்துவிட்டு மறைக்காதீர்கள். தெரியாமல் சாப்பிட்டுவிட்டால் சொல்லுங்கள், திகதி தள்ளிப்போகும், உயிர் தப்பும்.

சவர்க்காரம் போட்டுக் குளியுங்கள். ஒப்பரேஷன் இடத்து மயிரை வீட்டில் பிளேட்டால் மழிக்காதீர்கள், கண்ணுக்குத் தெரியாத சின்ன வெட்டுகள் வழியே கிருமி புகும். தேவையென்றால் அவர்களே இயந்திரத்தால் கத்தரிப்பார்கள். நகப்பூச்சை எடுத்துவிடுங்கள். விரலில் மாட்டும் கருவி இரத்தத்தில் ஒட்சிசன் அளவை ஒளியால் அளக்கிறது, பூச்சு அதைக் குழப்பும். விரல்நுனியில் கரும் மருதாணியும் அப்படியே, கல்யாண வீடு முடிந்து வந்தவர்கள் தாதியிடம் காட்டுங்கள். தாலி, மோதிரம், மூக்குத்தி, அரைஞாண், தாயத்து எல்லாம் கழற்றவேண்டும். மின்சாரத்தால் இரத்தக் குழாயைச் சுட்டு அடைக்கும் கருவி இருக்கிறது, உலோகம் படும் இடம் வெந்துபோகலாம். கட்டிய நூலை வெட்ட மனமில்லாவிட்டால் தாதியிடம் சொல்லுங்கள், பக்குவமாகக் கழற்றி உறவினர் கையில் கொடுத்துவிடலாம்.

படி 8: தியேட்டர்

உள்ளே போனதும் பெயர் என்ன, என்ன ஒப்பரேஷன், எந்தப் பக்கம் என்று திரும்பத் திரும்பக் கேட்பார்கள். இது உலக சுகாதார நிறுவனம் 2008இல் கொண்டுவந்த 19 அம்சப் பாதுகாப்புப் பட்டியலின் ஒரு பகுதி. மயக்கம் கொடுக்க முன், வெட்ட முன், நோயாளியை வெளியே எடுக்க முன் என்று மூன்று தரம் நிறுத்திச் சரிபார்க்க வேண்டும். புது டில்லியும் தான்சானியாவின் இஃபகாராவும் சேர்ந்த எட்டு நகர வைத்தியசாலைகளில் இதைப் பயன்படுத்திப் பார்த்தபோது, இறப்பு நூற்றுக்கு 1.5இலிருந்து 0.8ஆகவும், சிக்கல்கள் 11இலிருந்து 7ஆகவும் குறைந்தன. கேட்டுச் சரிபார்ப்பதற்கு அவ்வளவு பலன். ஆகவே முழுப் பெயரைச் சொல்லுங்கள். இன்னொருவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் "ஓம்" என்று தலையாட்டிவிடாதீர்கள். பேனாவால் போட்ட அடையாளம் சரியான பக்கத்தில் இருக்கிறதா என்று நீங்களும் பாருங்கள்.

படி 9: கண் விழித்த பிறகு

முழு மயக்கம் என்றால் தொண்டை கரகரக்கும். முதுகில் ஊசி என்றால் கால் சில மணித்தியாலம் மரத்திருக்கும். பயப்பட வேண்டாம்.

நோவைப் பல்லைக் கடித்துப் பொறுப்பதை நம் ஆட்கள் பெருமையாக நினைக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். நோவு இருந்தால் இழுத்து மூச்செடுக்கமாட்டீர்கள், இருமமாட்டீர்கள், நடக்கமாட்டீர்கள். சளி கட்டி நியுமோனியா வரும், காலில் இரத்தம் உறையும். பூச்சியத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று சொல்லி மருந்து கேளுங்கள். விழித்திருக்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் பத்துத் தரம் ஆழமாக மூச்செடுங்கள், இரும வேண்டுமென்றால் தலையணையைக் காயத்தின் மேல் அழுத்திக்கொண்டு இருமுங்கள். டொக்டர் சரி என்றால் அன்றோ மறுநாளோ எழும்பி நடவுங்கள். "அசையாமல் படு" என்கிற பெரியம்மாவின் அன்பு இந்த இடத்தில் உதவாது.

படி 10: "ஒரு ஆய்வுக்குச் சேருவீங்களா?"

போதனா வைத்தியசாலையில் இந்தக் கேள்வி வரலாம். பயந்து மறுப்பவர்களும் உண்டு, டொக்டர் கேட்டாரே என்று கண்ணை மூடிச் சம்மதிப்பவர்களும் உண்டு. இரண்டும் தேவையில்லை.

ஆய்வுகள் பல வகை. சில வெறும் கேள்விக்கொத்து. சில உங்கள் கோப்பிலுள்ள தகவலைப் பெயர் நீக்கி எடுப்பவை. சில, இரண்டு சிகிச்சைகளில் எது நல்லதென்று பார்க்க, யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவுசெய்பவை. மூன்றாவது வகைக்குத்தான் நீங்கள் அதிகம் கேட்டறிய வேண்டும்.

மனிதரைப் பலியாடாக்கிய, ஹிட்லரின் நாசி ஆட்சிக்கால ஜேர்மன் வைத்தியர்கள் மீதான வழக்குக்குப் பிறகு 1947இல் நியூரம்பேர்க் கோட்பாடும், 1964இல் உலக மருத்துவச் சங்கத்தின் ஹெல்சிங்கி பிரகடனமும் வந்தன. அவற்றின் சாரம்: நோயாளியின் சுயவிருப்பமான சம்மதம் இல்லாமல் ஆய்வு இல்லை. இன்று எந்த ஆய்வுக்கும் முதலில் ஒழுக்கவியல் குழுவின் அனுமதி வேண்டும். இலங்கையில் மருந்து, சிகிச்சைப் பரிசோதனைகளைப் பதிவுசெய்ய 2006இலிருந்து ஒரு தேசியப் பதிவேடு இருக்கிறது, இணையத்தில் யாரும் பார்க்கலாம்.

உங்களிடம் தமிழில் ஒரு தகவல் தாள் தர வேண்டும். அதை வாசிக்க நேரம் கேளுங்கள், வீட்டில் காட்டிவிட்டு வருகிறேன் என்று சொல்லுங்கள். கேட்க வேண்டியவை: சேராவிட்டால் எனக்கு என்ன சிகிச்சை கிடைக்கும்? சேர்ந்தால் அதில் எது மாறும்? மேலதிகமாக இரத்தமோ சதைத் துண்டோ எடுப்பீர்களா, அது எங்கே போகும்? திரும்பத் திரும்ப வர வேண்டுமா, பஸ் காசு யார் தருவார்? ஏதாவது பிழைத்தால் யார் பொறுப்பு? இடையில் விலகலாமா? கடைசிக் கேள்விக்கு "ஓம், சிகிச்சை பாதிக்காது" என்பதைத் தவிர வேறு பதில் வந்தால் சேராதீர்கள்.

இவ்வளவும் திருப்தி என்றால், சேருவது நல்ல காரியம் என்பதே என் எண்ணம். நம்மைப் போன்ற நாடுகளில் நடந்த ஆய்வுகள் நம் பணத்தையும் உயிரையும் காப்பாற்றுகின்றன. வருமானம் குறைந்த, நடுத்தர நாடுகள் ஏழில் 5,788 நோயாளரிடம் நடந்து 2021இல் வெளிவந்த ஒரு ஆய்வு, விலை கூடிய கிருமிநாசினியும் மருந்து பூசிய தையல் நூலும், மலிவான வழக்கமானவற்றைவிடக் காயத் தொற்றைக் குறைக்கவில்லை என்று காட்டியது. அடுத்த ஆண்டு இன்னொரு ஆய்வு 13,301 நோயாளரிடம், வயிற்றை மூடித் தைக்க முன் கையுறையையும் கருவிகளையும் மாற்றினால் தொற்று நூற்றுக்கு 18.9இலிருந்து 16ஆகக் குறைகிறது என்று கண்டது. இரண்டிலும் சாதாரணக் குடும்பத்து ஆட்கள் பங்கெடுத்ததால்தான் இந்த விடைகள் கிடைத்தன.

படி 11: துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது

வாட்டை விட்டு வெளியேற முன் டயக்னோசிஸ் கார்டை ஒருவரை வாசிக்கச் சொல்லி விளங்கிக்கொள்ளுங்கள். என்ன செய்தார்கள், எந்த மருந்து எத்தனை நாள், நிறுத்தி வைத்த பழைய குளிசையை எப்போது தொடங்குவது, தையல் எப்போது எங்கே வெட்டுவது, அடுத்த கிளினிக் எப்போது. தையல் வெட்டவும் மருந்து கட்டவும் 130 கிலோமீற்றர் திரும்பி வரத் தேவையில்லை. ஊர் வைத்தியசாலைக்கு எழுதித் தரச் சொல்லுங்கள்.

பயணம் பகலில் இருக்கட்டும். வயிற்றில் காயம் என்றால் தலையணையை அணைத்துக்கொண்டு, பின் இருக்கையைத் தவிர்த்து உட்காருங்கள். மணித்தியாலத்துக்கு ஒரு தரம் இறங்கி நாலு அடி நடந்தால் காலில் இரத்தம் கட்டாது.

வீட்டில் காயத்துக்கு மஞ்சள், சாம்பல், எண்ணெய் எதுவும் பூசாதீர்கள். காயம் மூடும்வரை கடல் குளிப்பும் குளத்துக் குளிப்பும் வேண்டாம். பத்தியம் என்ற பெயரில் மீன், முட்டை, பருப்பு எல்லாவற்றையும் நிறுத்திச் சோறும் ரசமும் மட்டும் கொடுப்பது பெரும் கேடு, சதை வளரப் புரதம் வேண்டும். டொக்டர் தடுக்காவிட்டால், ஒவ்வாமை இல்லாவிட்டால், நம் ஊர் மீனைவிட நல்ல மருந்து இல்லை. வயிற்று ஒப்பரேஷனுக்குப் பிறகு பொதுவாக நான்கிலிருந்து ஆறு வாரம் பாரம் தூக்கக்கூடாது. வலை இழுப்பது, தோணி தள்ளுவது, நெல் மூட்டை, தண்ணீர்க் குடம் எல்லாம் அதில் அடக்கம். காளிக்கோ கோணேசருக்கோ காவடி நேர்த்தி இருந்தால் அடுத்த திருவிழாவுக்குத் தள்ளி வையுங்கள். தொழுகையைக் கதிரையில் இருந்தபடி தொழலாம்.

காயத் தொற்று பெரும்பாலும் வீட்டுக்கு வந்த பிறகுதான் தலைகாட்டும். முப்பது நாள் வரை, குடலிறக்கத்துக்கு வைக்கும் வலை போன்ற செயற்கைப் பொருள் உடம்புக்குள் வைத்திருந்தால் தொண்ணூறு நாள் வரை கவனம் தேவை. 38 பாகை செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், காயத்தைச் சுற்றிப் பரவும் சிவப்பு, சீழ், ஓயாத வாந்தி, வயிறு ஊதுதல், சலம் போகாமை, ஒரு கால் மட்டும் வீங்கி நோதல் என்றால் அன்றே ஊர் வைத்தியசாலைக்குப் போங்கள், டயக்னோசிஸ் கார்டோடு. திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, நிற்காத இரத்தம் என்றால் 1990.

படி 12: பயாப்ஸி ரிப்போட்

இதைத்தான் அதிகம் பேர் விட்டுவிடுகிறார்கள். பித்தப்பையோ, கட்டியோ, குடல் துண்டோ எதை வெட்டி எடுத்தாலும் அதைப் பெரும்பாலும் சோதனைக்கு அனுப்புவார்கள், முடிவு வரச் சில வாரம் ஆகும். அதற்குள் நோயாளி வீட்டுக்கு வந்து, நோவும் போய், வேலைக்கும் போய்விடுவார். சாதாரணக் கட்டி என்று எடுத்ததில் புற்றுநோய் தெரிந்தால், அடுத்த சிகிச்சைக்கான நாட்கள் அந்த ரிப்போட் மேசையில் கிடக்கும்போதே போய்க்கொண்டிருக்கும். வீட்டுக்குப் போகத் துண்டு வெட்டும் அன்றே கேளுங்கள்: சோதனைக்கு அனுப்பினீர்களா, இலக்கம் என்ன, எப்போது, எந்த இடத்தில், யார் வந்து எடுக்கலாம்? இலக்கத்தைப் படம் எடுத்து, திகதியைக் கலண்டரில் எழுதுங்கள். அந்தத் திகதிக்கு யாரும் கூப்பிடாவிட்டால் நீங்களே அழையுங்கள். ரிப்போட்டை வாங்கிப் பைலில் வைப்பதோடு விடாமல், கிளினிக்கில் நிபுணர் கையில் கொடுத்து, அவர் வாசித்துச் சொல்லும் வரை உட்கார்ந்திருங்கள்.